மிச்ச மண்

"அக்கா, மணிக்கட்டைக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க. விரலு உள்ள போவ மாட்டேங்குது."

சவப்பெட்டிக் கடையிலிருந்து வந்திருந்த ஏசுபாதம், வெள்ளைக் கையுறையை மறுபடி ஏற்றிப் பார்த்தான். கட்டை விரல் போனது. சுண்டு விரல் போனது. நடு விரல்கள் வீங்கி விறைத்து, துணியைத் தள்ளிக்கொண்டு நின்றன. ஈவ்லின் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஃப்ரீசர் பெட்டியிலிருந்து எடுத்த சில்லிப்பு அவள் முழங்கை வரை ஏறியது.

"பெரிய சைஸ் இல்லியா?"

"இதான் பெருசு. பேன்ட் சட்டை போட்டுக்கிட்டுப் போறவரு, ஆபீஸ் கைன்னு நெனச்சேன். இது கடப்பாரை புடிச்ச கை."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆரோனின் நகக்கண்களில் செம்மண் கோடு. அத்தனை நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் துடைத்தும் போகாத கோடு.

"ஒரு கத்தரிக்கோல் குடுங்கக்கா. உள்ளங்கைப் பக்கம் கிழிச்சு விட்டுடறேன். நெஞ்சு மேல கவுத்து வெச்சா ஒருத்தருக்கும் தெரியாது."

சமையலறை இழுப்பறையில் கத்தரிக்கோல் இல்லை. தையல் மெஷின் மேலும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே சத்தம் மட்டும் கேட்டது. க்ளிக். கொஞ்சம் இடைவெளி. க்ளிக்.

ஈவ்லின் பின்கதவைத் திறந்தாள்.

பாத்ரூமுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி மறைவில், அம்மா குந்தியிருந்தாள். மகன் அடக்கத்துக்குக் கட்டிய வெள்ளைப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். எதிரே பழைய பெயின்ட் வாளி. அதிலிருந்து சுவரேறிய கொடி. நெஞ்சு மாதிரி இலை. நுனிகளில் ரோஸ் நிறக் கொத்துப் பூ. ஒவ்வொரு தண்டாகச் சாய்த்து வெட்டி, தண்ணீர் ஊற்றிய நீல பக்கெட்டில் நிற்க வைத்துக்கொண்டிருந்தாள்.

கொடி ரோஸ்.

பூவுக்காக வெட்டுகிறவர்கள் பூவோடு நிறுத்திக்கொள்வார்கள். அம்மா கணுவோடு வெட்டிக்கொண்டிருந்தாள். கணு நடுவதற்கு.

இந்த வீட்டில் அம்மாவும் மகனும் பேசி இரண்டு வருஷமாகிறது.

ஒரே கூரை. ஒரே சமையல். ஆரோன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிட்லபாக்கத்து வீட்டை விட்டுப் போகவும் இல்லை. அம்மா சோறு வடிப்பாள், தட்டில் போட்டு மூடுவாள், தன் அறைக்குள் போய்விடுவாள். பேச வேண்டியதெல்லாம் பல்லாவரத்தில் டீச்சராக இருக்கும் ஈவ்லின் வழியாகத்தான்.

"கேஸ் தீந்துடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லு."

ஈவ்லின் அம்மாவின் போனை வைத்துவிட்டுத் தம்பிக்குப் போடுவாள். "டேய், கேஸ் தீந்துடுச்சாம்."

"கேட்டுச்சுக்கா. பக்கத்து ரூம்லதானே இருக்கேன். புக் பண்ணிட்டேன்னு சொல்லிடு."

ஸ்டாஃப் ரூமில் கேலி. "என்ன மிஸ், உங்க வீட்டு செல்போன் டவர் நீங்கதானா?"

எல்லாம் அந்தக் கொடியால்தான்.

ஆரோனுக்குக் காப்புக்காட்டில் வேலை. மேடவாக்கம் ரோட்டைத் தாண்டி, ஃபிளாட்டுகள் நாலு பக்கமும் நெருக்கிக்கொண்டிருக்கும் சின்னப் புதர்க்காடு அது. ஒவ்வொரு மாதமும் அதே வழியில் நடப்பான். போன மாதம் இல்லாத வெளிநாட்டுச் செடி ஏதாவது இந்த மாதம் தலை காட்டுகிறதா என்று பார்ப்பான். இருந்தால் பிடுங்குவான். பிடுங்கிய இடத்துக்கு மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பான்.

"சீமைக் கருவேலத்த இனிமே யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. அது ஒத்தச் செடியா நின்னப்போ ஒருத்தன் பாத்திருக்கணும். அந்த ஒருத்தன் வேலைதான் என்னுது."

அப்படி நடந்த ஒரு காலையில், காட்டின் ஓரத்தில் ஒரு புதர்மேல் போர்வை போர்த்திய மாதிரி ரோஸ் நிறப் பூவைப் பார்த்தான். போர்வையைத் தூக்கினால், அடியிலிருந்த செடிகளெல்லாம் வெயில் படாமல் செத்துக் கிடந்தன. தண்டைப் பிடித்துக்கொண்டே போனான். தண்டு மதிலில் ஏறியது. மதிலுக்கு அந்தப் பக்கம் சபையின் கல்லறைத் தோட்டம். கொடி புறப்பட்ட கல்லறையின் மேல் பெயர் எழுதியிருந்தது.

ஐசக். அவனுடைய அப்பா.

நட்டவள் அம்மா. கல்யாணமான புதிதில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வேலியிலிருந்து அப்பா ஒடித்துவந்து கொடுத்த கொடி. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும். கல்லறைத் திருநாளுக்கு மற்றவர்கள் சாமந்தி வாங்கிக்கொண்டு வருவார்கள்; ஐசக் மட்டும் வருஷம் முழுக்கப் பூவுக்குள் படுத்திருந்தார். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு.

மேலே வெட்டினால் சாகாத கொடி. கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. விரல் கனத் துண்டு மிஞ்சினாலும் முளைத்துவிடும். ஆரோன் யாரிடமும் கேட்கவில்லை. கடப்பாரையோடு போய் அப்பாவின் கல்லறையைத் தோண்ட ஆரம்பித்துவிட்டான்.

வாட்ச்மேன் லோகநாதன் பதறிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டான். அம்மா ஆட்டோ பிடித்துப் போய் இறங்கியபோது, மகன் முழங்காலளவு குழிக்குள் நின்று புருஷனின் மண்ணைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தான். திரும்பி அதே ஆட்டோவில் ஏறினாள். பேச்சு அதோடு சரி.

"முன்னாடியே அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா," என்று ஈவ்லின் கேட்டிருக்கிறாள்.

"சொன்னா விடுவாங்களா?"



அப்புறம் வயிற்று வலி. கேஸ் டிரபிள் என்று மாத்திரை. முதுகு வலி. காட்டில் நடக்கிறவனுக்கு முதுகு வலிக்காதா என்று தைலம். கண் மஞ்சளான பிறகுதான் ஸ்கேன். கணையத்தில் ஆரம்பித்து ஈரலுக்குப் போயிருந்தது. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா..." என்று டாக்டர் இழுத்தபோது ஆரோன் சிரித்துவிட்டான்.

"என் தொழிலே அதான் டாக்டர்."

நேற்று மத்தியானம். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள் ஈவ்லின். அவன் கண்ணைத் திறந்தான்.

"அக்கா. மதிலோரம் ரெண்டு வருஷமா சுத்தமா இருக்கு. ஒரு துளிர் கூட இல்ல. இன்னும் ஒரு மழை. அது தாண்டிட்டா போயிடுச்சுன்னு சொல்லலாம். நீ போய்ப் பாக்கறியா?"

"நான் எதுக்குடா? உங்க ஆபீஸ்ல பாக்க மாட்டாங்களா?"

"அந்த வேலையே மார்ச்சோட நிறுத்திட்டாங்க. நான் சும்மாதான் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தேன்."

தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிக்கொண்டிருந்தவன். அம்மாவுக்கும் தெரியாது, ஈவ்லினுக்கும் தெரியாது.

மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி ஆரம்பித்தான். "அப்பா குழியிலதான் என்னை வெப்பாங்க. அம்மா அந்தக் கொடிய எடுத்துக்கிட்டு வரும். பாத்ரூம் பின்னாடி ஒண்ணு வளக்குது. தெரியாத மாதிரி இருந்துட்டேன். காய் புடிக்கறதுக்குள்ள பூவ மட்டும் கிள்ளிடுவேன். நீ வைக்க விடாதக்கா. அந்த மதில் ஓரம் மட்டும்... அது ஒண்ணுதான் நான் முழுசாப் பண்ணினது."

"விட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாடா."

கைப்பையில் போன் அடித்தது. அம்மா. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடிதான் கூப்பிட்டாள். கண்ணாடிக் கதவு வழியாக முதுகு தெரிந்தது.

"அவன்கிட்ட சொல்லு," என்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் முதுகு குனிந்தது. "கோவளத்துலேர்ந்து வஞ்சிரம் கொண்டாரச் சொல்லியிருக்கேன்னு சொல்லு. வீட்டுக்கு வந்ததும் கொழம்பு வைக்கிறேன்னு சொல்லு."

ஈவ்லின் போனைக் காதிலிருந்து எடுத்தாள். "டேய், அம்மா..."

ஆரோன் கதவுப் பக்கம் பார்த்தபடி இருந்தான். பார்வை மட்டும் அங்கே இல்லை.

கையிலிருந்த போனில் அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "சொன்னியாடி? என்ன சொன்னான்?"

க்ளிக்.

"அம்மா, கத்தரிக்கோல் குடு. ஏசுபாதம் கேக்கறான்."

"இரு. இன்னும் நாலு தண்டு."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாது? உங்கப்பா மேல இருந்ததப் புடுங்கிப் போட்டான். இப்ப அவன் மேல நான் வைக்கிறேன்." அடுத்த தண்டை வெட்டினாள். "வந்து புடுங்கட்டும், பாக்கலாம்."

"வைக்கக் கூடாதும்மா. நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அவனுக்குத்தான்."

"என்கிட்ட சொல்ல வாய் இல்லியா அவனுக்கு?"

"நீ பேசினியா அவன்கிட்ட?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஹாலில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது. யாரோ சுருதி தப்பிப் பாடினார்கள்.

"வெறும் மண்ணாவா கெடப்பான் என் புள்ள?"

"கெடக்கட்டும்."

தன் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது என்று ஈவ்லினுக்கே நம்ப முடியவில்லை. குரலைத் தணித்துக்கொண்டாள். "இந்த வாளி இங்க இருக்கறது அவனுக்குத் தெரியும்மா. ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். உனக்காக விட்டு வெச்சான். பூவ மட்டும் கிள்ளிப் போட்டுடுவான்."

அம்மா கொடியைப் பார்த்தாள். தாழ்வாக இருந்த காம்புகளில் பழைய கிள்ளல்கள் காய்ந்து கறுத்திருந்தன. மேலே, பூக்கள் கிள்ளாமல் விடப்பட்டிருந்தன. அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு பூத்தவை.

"அணில்னு நெனச்சேன்," என்றாள்.

கத்தரிக்கோலை நீட்டினாள். ஈவ்லின் அதை ஏசுபாதத்திடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அம்மா பக்கெட்டிலிருந்த தண்டுகளையெல்லாம் கறுப்புக் குப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். வாளியிலிருந்த செடியையும் கிழங்கோடு பிடுங்கியிருந்தாள். கையெல்லாம் மண்.

"பையக் கட்டி மொட்டை மாடியில வெயில்ல போடணும்," என்றாள். "அப்படித்தான் போடுவான். பாத்திருக்கேன்."

ஈவ்லின் முடிச்சுப் போட்டாள். ஒன்று முடிந்தது என்று நினைத்தாள். அவனுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றியாகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

வெயில் இல்லை. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. புதிதாகப் புதைக்க இடம் எங்கே இருக்கிறது இந்தப் பக்கத்தில்? ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி. அப்பாவுடையதையே திறந்து அவர் மேல் மகனை வைக்க வேண்டியதுதான். வண்டியிலிருந்து பெட்டியை இறக்கிக் குழியோரத்துக் கட்டைகள் மேல் வைத்தார்கள். பாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஈவ்லினின் கண், குழியோரம் குவித்திருந்த செம்மண்ணில் போய் நின்றது.

சேப்பங்கிழங்கு மாதிரி ஒன்று. பழுப்புத் தோல். மண்வெட்டி பட்டு அறுந்த இடம் ஈரமாக வெளுத்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன் நுனியில் ரோஸ் நிறத்தில் ஊசி முனை போல ஒரு முளை.

குனிந்து எடுத்தாள். கனமாக இருந்தது.

"லோகநாதன், இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"குழிலேந்துதான்க்கா. அட்யில, பெரியவரு பெட்டிகிட்ட, கொத்துக் கொத்தா கீது. இன்னாடா இது கெழங்குன்னு நானே ஒரு நிமிசம் நின்னுட்டேன்."

முழங்காலளவு தோண்டியவன் அதோடு நிறுத்தியிருந்தான். அதற்குக் கீழே அப்பா இருந்தார். மண்ணைச் சலிக்கத் துணிந்தவனுக்கு அவர்மேல் கடப்பாரை போட மட்டும் மனசு வரவில்லை. அந்த ஒரு மரியாதைக்குக் கீழே, இலையே இல்லாமல், வெயிலே பார்க்காமல், கொடி பட்டினி கிடந்து காத்திருந்திருக்கிறது.

ஈவ்லின் குவியலைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். குழி பெரிது; குவியல் சின்னது.

"மிச்ச மண்ணு எங்க?"

"இன்னாக்கா?"

"இவ்ளோ பெரிய குழி. இவ்ளோதான் மண்ணு இருக்கு. மிச்சம் எங்க?"

"எப்பவும் அந்தாண்டதான்க்கா தள்றது," லோகநாதன் மதிலைக் காட்டினான். "பொட்டி எடத்த அடச்சுக்கும்ல? மிச்ச மண்ணு வேஸ்ட்டு. இங்க எங்க போடறது? காத்தாலயே ரெண்டு பேரு பாண்டுச் சட்டியில வாரி வாரி அந்தாண்ட கொட்டிட்டோம். எல்லாக் குழிக்கும் அப்டித்தான்." அவள் முகத்தைப் பார்த்துக் குரல் தேய்ந்தது. "இன்னாக்கா? தப்பாப் பூட்ச்சா?"

அவள் மதிலுக்குப் போனாள். சரிந்திருந்த ஓரத்தில் ஒரு உடைந்த சிலுவைக் கல் கிடந்தது. அதன் மேல் ஏறினாள். வெள்ளைப் புடவை ஆணியில் மாட்டிக் கிழிந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் தரை சரிவாக இறங்கியது. பாறை, முள், காரைப் புதர். சரிவு முழுக்கச் செம்மண் விசிறி போல விரிந்து, புதர்களுக்கு அடியில் போய் மறைந்திருந்தது. விசிறியில் அங்கங்கே பழுப்பாக உருண்டைகள். எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டாள்.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். அன்பு. ஆரோனோடு காட்டில் நடந்தவன். வேலை போனபிறகு பைக்கில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிறான். கம்பெனி டி-ஷர்ட்டோடேயே வந்திருந்தான். அவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. எட்டிப் பார்த்தான்.

"அன்பு, இத அள்ளணும்."

"யாருக்கா அள்ளுவாங்க?"

"நீ. நான். யாராவது."

"உள்ள போவ பர்மிஷன் வேணும்க்கா. எங்க கார்டையே திருப்பி வாங்கிட்டாங்க."

"எழுதிக் குடுத்தா?"

"குடுக்கலாம்க்கா." அன்பு தரையைப் பார்த்தான். "அண்ணன்தான் நல்லா எழுதுவாரு."

"மழைக்குள்ள பண்ண முடியுமா?"

அன்பு வானத்தைப் பார்த்தான். அவளையும் பார்த்தான். "பாக்கறேன்க்கா," என்றான். டி-ஷர்ட் பையில் போன் நடுங்கியது. எடுத்து அணைத்துவிட்டு, திரும்பவும் உள்ளே போட்டான்.

"ஈவ்லின்! பாஸ்டர் காத்திருக்காரு!"

திரும்பி வந்தாள். ஜெபம் தொடங்கியது. எல்லோரும் கண்ணை மூடியபோது அவள் மண் குவியலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். விரல்களை மண்ணுக்குள் விட்டுத் துழாவினாள். ஒரு கிழங்கு. கைப்பைக்குள் போட்டாள். இன்னொன்று. மணிபர்ஸ் மேல், கண்ணாடிக் கூடு மேல், மண்ணோடு விழுந்தது. நகக்கண்ணில் செம்மண் ஏறியது. இன்னொன்று. பக்கத்திலிருந்த சபைப் பெண்கள் இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"அழுதுடும்மா. அடக்கி வைக்காத. அழுதுடு."

"இல்ல, நான்..." என்றாள். யாரிடம் சொல்வது?

கயிற்றில் பெட்டி இறங்கியது. ஒரு பக்கம் இடித்து, சமாளித்து, அப்பாவின் மேல் உட்கார்ந்தது. முதல் பிடி மண் போட அம்மாவைக் கொண்டுவந்தார்கள். அவள் குவியலிலிருந்து கை நிறைய அள்ளினாள். குழியோரம் வருவதற்குள் மண் விரலிடுக்கில் கொட்டிப்போய், உள்ளங்கையில் ஒரு கட்டி மட்டும் மிஞ்சியது. அதை மண்ணாங்கட்டி என்று நினைத்து மெதுவாகப் போட்டாள்.

பெட்டியின் மேல் டொக்கென்று விழுந்தது.

ஈவ்லின் அது உருண்டு ஓரத்தில் போய் நின்றதைப் பார்த்தாள். மற்றவர்கள் அள்ளிப் போட்டார்கள். லோகநாதனும் ஆட்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மேட்டைத் தட்டிச் சமன் செய்து மாலைகளை வைக்கும்போது முதல் சொட்டு விழுந்தது. பிறகு ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. சபையார் வேன்களை நோக்கி ஓடினார்கள். அன்புவின் பைக் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது. ஏசுபாதம் எங்கிருந்தோ ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுவந்து அம்மாவின் தலைக்கு மேல் பிடித்தான்.

அம்மா நகரவில்லை. பூவில்லாத அந்தச் சிவப்பு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத்தண்ணீர் மாலைகளுக்கு அடியில் புகுந்து மண்ணில் இறங்கியது.

"நல்ல மழை," என்றாள். "நட்டிருந்தா புடிச்சிருக்கும்."

ஈவ்லின் கைப்பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம், இலைகளின் மேலும் கொட்டிய செம்மண்ணின் மேலும் மழை விழுந்துகொண்டிருந்தது.